உடைவு இல்லாத ஆண்டு

எங்கள் துறையில் கண்ணாடி உடைவதற்கு மூன்று காரணங்கள் மட்டுமே அனுமதிக்கப்பட்டிருந்தன. கையாண்டவரின் கவனக்குறைவு, வெளியாரின் சேட்டை, தயாரிப்பிலேயே குறை. பதினான்கு வருடம் அந்தத் துறையில் இருந்தேன், அந்தப் படிவத்தை நிரப்பியும் இருக்கிறேன். நாலாவதாக ஒரு காரணம் இருக்கலாம் என்று அதை அச்சடித்தவருக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. ஆனால் என்னிடம் அச்சகம் இல்லை.

என் வேலை கண்ணாடி ஒட்டுவது. சன்னலுக்கு அல்ல, சுவருக்கு. எங்கள் ஊரின் நடுவே மேட்டுச் சாலை ஒன்று போனது. அதன் மண்ணைச் சரியவிடாமல் ஆறு ஆள் உயரத்துக்கு ஒரு கற்சுவர் தாங்கிக்கொண்டு நின்றது. மேலே பேருந்துகள், சரக்கு லாரிகள். கீழே சுவரை ஒட்டி ஒரு வரிசை வீடுகள். சுவரில் விரிசல் விழுந்தால், அதற்குக் குறுக்கே விரல் நீளத்தில் மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து இரண்டு முனைகளையும் சிமெண்டில் பதிக்க வேண்டும். சுவர் அசையாமல் இருந்தால் கண்ணாடி அப்படியே இருக்கும். விரிசல் மயிரிழை அகன்றாலும் உடைந்துவிடும். பிள்ளைகளுக்குக்கூடப் புரியக்கூடிய கருவி. துறையில் அதைச் சாட்சி என்போம்.

மொத்தம் இருபத்து மூன்று விரிசல்கள். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. பதினோராம் எண் என் அக்கா வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் இருந்தது. சமையலறைக் கதவுக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு முழம் இடைவெளி. அதில் ஏணியைச் சாய்த்து நான் ஏறுவேன். ஏணியைப் பிடிக்கத் துறையில் ஆள் கிடையாது. அக்காதான் பிடிப்பாள்.

"என்னடா, உன் கண்ணாடி இன்னிக்காவது உயிரோட இருக்கா?" என்று கீழே இருந்து கேட்பாள்.

இருக்கிறது என்று பன்னிரண்டு வருடம் சொன்னேன். பதின்மூன்றாம் வருடம் ஒரு காலையில் அது இரண்டாக உடைந்திருந்தது.

முதலில் போக வேண்டிய இடம் பொறியாளரின் அறை அல்ல, ஸ்டோர். உடைந்ததை ஒப்படைத்தால்தான் புதியது கிடைக்கும். ஸ்டோர் கீப்பர் நல்ல மனிதர். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். நினைக்க அவருக்கு நேரமும் இருக்கவில்லை. படிவத்தை நீட்டி, "காரணம்?" என்றார்.

"சுவர் நகர்ந்திருக்கு சார்."

"அது இதுல இல்லையே. மூணுல ஒண்ணு சொல்லுங்க."

"சுவர்தான் உடைச்சது."

பேனாவைக் கீழே வைத்தார். "தம்பி, கண்ணாடி நம்ம சொத்து. சுவரும் நம்ம சொத்து. நம்ம சொத்தே நம்ம சொத்தை உடைச்சா நான் யார் மேல எழுதறது? ஆடிட்ல கேப்பான்ல?"

"அப்ப என்ன பண்றது?"

"கவனக்குறைவுன்னு போட்டுடறேன். உங்க மேலதான் வரும், ஆனா முதல் தடவைங்கறதால எச்சரிக்கையோட போயிடும்."

அப்படித்தான் சுவர் நகர்ந்ததற்கான முதல் எச்சரிக்கை எனக்குக் கொடுக்கப்பட்டது.

அந்த மாதம் பதினோராம் எண்ணில் நாலு கண்ணாடிகள் உடைந்தன. ஒவ்வொன்றையும் உடனே மாற்ற வேண்டும் என்பது விதி. உடைந்த கண்ணாடி சுவரில் தெரிவது துறைக்கு இழுக்கு. எனவே மாதக் கடைசியில் மேலே போகும் அறிக்கையில் "பதினோராம் எண்: கண்ணாடி நல்ல நிலையில் உள்ளது" என்று எழுத வேண்டியிருந்தது. அன்றைய தேதிக்கு அது உண்மை. நாலு நாள் முன்புதான் ஒட்டியிருந்தேன்.

அக்கா வீட்டில் சமையலறைக் கதவு நிலையில் இடிக்கத் தொடங்கியது. அத்தான் பேருந்து ஓட்டுநர். விடுமுறை நாளில் இழைப்புளி எடுத்து அடிப்பக்கத்தைச் சீவிவிட்டார். மூன்று வாரத்தில் மறுபடியும் இடித்தது.

"கதவு வளருதா, தரை வளருதா?" என்றார் என்னிடம். "நீதானே அந்தத் துறை, சொல்லு."

எட்டாவது கண்ணாடி உடைந்தபோது துறை விழித்துக்கொண்டது. கண்ணாடி உடைப்பு குறித்து விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. மூன்று பேர் வந்து, சுவருக்கு முதுகைக் காட்டி நின்று, அக்கா வீட்டையும் பக்கத்து வீடுகளையும் வெகுநேரம் பார்த்தார்கள். வெளியாரின் சேட்டையாக இருக்கலாம் என்று முடிவானது. உடைப்பவரைக் கையும் களவுமாகப் பிடிக்க ஒரு காவலாளியை நியமித்தார்கள்.

காவலாளி காலை எட்டு மணிக்கு வந்து முக்காலியில் உட்காருவார். சாயங்காலம் ஐந்துக்குப் போவார். கழுத்தில் விசில். அக்கா அவருக்குத் தேநீர் கொடுப்பாள். நாலாம் நாள் மதியம் அவர் கண்ணெதிரே கண்ணாடி 'டிக்' என்று உடைந்தது. விதிப்படி விசில் ஊதினார். ஓடி வந்தது அக்கா மட்டும்தான்.

அவர் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்துக்கு நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். விசாரணை அதிகாரி காவலாளியிடம் கேட்டார்:

"உடைஞ்சப்ப நீ எதைப் பார்த்துட்டிருந்தே?"

"கண்ணாடியைத்தான் சார்."

"கண்ணாடியையே பார்த்துட்டிருந்தா உடைக்கிறவனை எப்படிய்யா பார்ப்பே?"

காவலாளிக்கு விளக்கம் கேட்டு ஓலை போனது. அக்காவிடம் சொன்னபோது சிரித்தாள். "பாவம்டா அந்த மனுஷன். விசிலைச் சுவரோட காதுல ஊதியிருக்கணும்."

அதன்பின் தடிமனான கண்ணாடி வந்தது. அதுவும் உடைந்தது, சத்தம்தான் கூடுதல். தடிமனானது உடைந்ததால் தயாரிப்பில் குறை என்று கண்டார்கள். கொள்முதல் அதிகாரி மாற்றப்பட்டு வேறொருவர் வந்தார். இளைஞர், சுறுசுறுப்பானவர், வெளிநாட்டில் படித்தவர். கோப்பை முழுக்கப் படித்தவர் அவர் ஒருவர்தான் என்று பேசிக்கொண்டார்கள். படித்துவிட்டு அவர் கேட்டார், "பிரச்சினை என்ன? உடையறதுதானே? அப்ப உடையாத பொருளா வாங்கிட்டா போச்சு."

வளையும் தன்மையுள்ள பட்டை ஒன்று வந்தது. கண்ணாடி போலவே பளபளக்கும். இரண்டு முனைகளையும் பிடித்து இழுத்தால் நீளும், அழுத்தினால் வில்லாக வளையும், உடையவே உடையாது. இருபத்து மூன்று விரிசல்களிலும் பழைய கண்ணாடியைப் பெயர்த்து இதை ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினேன். அன்றிலிருந்து உடைந்த பொருள் படிவம் ஒன்றுகூட நிரப்பவில்லை. ஸ்டோர் கீப்பர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அந்த வருடத்துக்கு உடைவு இல்லாத ஆண்டு என்று பெயர் சூட்டினார்கள். அலுவலக வாசலில் பலகை வைத்தார்கள். 'நவீன உலகின் பெரும் பொறியியல் சவால்கள்' என்று பெரிய மாநாடு ஒன்று நடந்தபோது எங்கள் தலைமைப் பொறியாளருக்கு அழைப்பு வந்தது. பட்டையை மாதிரிப் பலகையில் ஒட்டி மேடையில் பிடித்துக்கொண்டு நிற்க என்னையும் கூட்டிப் போனார். எலும்பு வரை குளிரும் அரங்கம். எனக்கு முன்னால் கடல்மட்டம் உயர்வது பற்றி ஒருவரும், பாலங்கள் மூப்படைவது பற்றி ஒருவரும் கவலையோடு பேசினார்கள். எங்கள் தலைமைப் பொறியாளர் கவலைப்படவில்லை.

"கட்டினதெல்லாம் ஒரு நாள் பழசாகும். உலகம் பூரா இதுதான் சவால்," என்றார். "மத்தவங்க சுவரைச் சரிபண்ணப் பார்க்கிறாங்க. சுவர் ரொம்பப் பெருசு. நாங்க எங்க கைக்கு அடங்குறதைச் சரிபண்ணினோம். போன வருஷம் பத்தொன்பது உடைவு. இந்த வருஷம் பூச்சியம்."

கைதட்டல் அடங்கியதும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். "இந்தப் பட்டை உடையாதுன்னா, விரிசல் அகலமாகுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அருமையான கேள்வி. அது தெரிஞ்சாக வேண்டிய அவசியமே வராத கட்டத்துக்கு நாங்க வந்துட்டோம்."

முதல் கைதட்டலைவிட இது நீளமாக இருந்தது. பலகையைப் பிடித்திருந்ததால் என்னால் தட்ட முடியவில்லை. கை சும்மா இருந்திருந்தால் தட்டியிருப்பேன் என்றே நினைக்கிறேன்.

திரும்பி வந்து ஏணி ஏறிப் பார்த்தபோது பதினோராம் எண்ணில் பட்டை நேராக இல்லை. மேல்முனை வெளியே தள்ளி, நடுவில் வளைந்து நின்றது. அளவுகோல் வைத்துப் பார்த்தேன். ஒரு நகத்தின் அகலம். சுவரின் மேல்பாதி அக்காவின் சமையலறையை நோக்கி அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது. பதிவேட்டில் 'உடைந்தது', 'உடையவில்லை' என்று இரண்டு கட்டங்கள்தான். 'வளைந்தது' என்று ஓரத்தில் எழுதினேன். கட்டத்துக்கு வெளியே எழுதக் கூடாது என்று பதிவேடு திரும்பி வந்தது.

ஏணியிலிருந்து இறங்கி அக்காவிடம், "நீங்க கொஞ்ச நாள் வேற எங்கயாவது போய் இருங்க," என்றேன்.

"எவ்வளவு நாள்?"

"தெரியலை."

என் முகத்தைப் பார்த்தாள். வேறெதுவும் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே பாத்திரங்களைத் துணியில் சுற்ற ஆரம்பித்தாள். அத்தானுடன் வேலை பார்க்கும் கண்டக்டர் வீட்டு மாடி காலியாக இருந்தது. அங்கே போவதாகப் பேச்சு. அக்கா வாசலில் மூட்டைகளைப் பார்த்த பக்கத்து வீட்டுத் தையல்காரர் தன் மெஷினைக் கழற்றினார். தையல்காரரைப் பார்த்து அடுத்த வீடு. மறுநாளுக்குள் ஒன்பது வீடுகள். தையல்காரர் நாணயமான ஆள். போவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று எங்கள் அலுவலகத்துக்கே வந்து, "நாங்களும் போகணுங்களா, இல்ல அந்த ஒரு வீடு மட்டுமா?" என்று கேட்டுவிட்டார்.

தலைமைப் பொறியாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "உட்காருங்க," என்றார். பதினான்கு வருடத்தில் அந்த அறையில் என்னை உட்காரச் சொன்னது அன்றுதான்.

"உங்க மேல எனக்குக் கோபமே இல்லை," என்றார். "கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஒன்பது குடும்பம் போச்சுன்னா ஏன் போச்சுன்னு கேப்பாங்க. சுவர் சரியில்லைன்னு ஆகும். சரியில்லைன்னா எப்பத்திலிருந்துன்னு வரும். அப்பத்திலிருந்துன்னா யாருக்குத் தெரியும்னு வரும். தெரிஞ்சவர் யார்கிட்ட சொன்னார், அவர் ஏன் கையெழுத்துப் போடலைன்னு வரும். ஒருத்தர் மூட்டை கட்டினதுல எத்தனை நல்லவங்க தூக்கம் போகுது பாருங்க."

"சார், பட்டை ஒரு நக அகலம் வளைஞ்சிருக்கு."

"வளையத்தானே வாங்கினோம்."

உண்மையைச் சொன்னால், மனதின் ஒரு மூலையில் ஆறுதலாகக்கூட இருந்தது. இவ்வளவு படித்தவர் இவ்வளவு நிதானமாகச் சொல்கிறார். நான் சிமெண்ட் குழைக்கிறவன்.

ஒரு கடிதத்தை நீட்டினார். வீடு வீடாகப் போய் நானே வாசித்துக் காட்ட வேண்டும். "தபால்ல போட்டா நம்ப மாட்டாங்க. உங்களைத்தான் அந்தச் சுவர்ல தினமும் பார்க்கிறாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க." மறுத்தால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இதை மறைத்துப் பயனில்லை: அவர் என்னை மிரட்டவில்லை.

கடிதத்தில் பொய் ஒன்றும் இருக்கவில்லை. 'கடந்த ஓராண்டில் இச்சுவரில் ஒரு கண்ணாடியும் உடையவில்லை' என்று இருந்தது. உண்மைதான். சுவரில் ஒரு கண்ணாடியும் இல்லை. 'எனவே அச்சத்துக்கு அடிப்படை இல்லை' என்று முடிந்தது. எட்டு வீடுகளில் வாசித்தேன். தையல்காரர் மெஷினை மறுபடி பூட்டிக்கொண்டே, "நல்லவேளை தம்பி, கேட்டது நல்லதாப் போச்சு," என்றார்.

அக்கா வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அத்தான் வேலைக்குப் போயிருந்தார். அவள் மூட்டைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து கேட்டாள்.

"முடிஞ்சுதா?"

"ம்."

"இது காகிதம் சொல்லுது. நீ என்ன சொல்றே?"

ஏணியைப் பிடித்தபடி என்னிடம் எத்தனையோ கேட்டிருக்கிறாள். எதையும் இப்படி நேராகப் பார்த்துக் கேட்டதில்லை.

"பெரிய இன்ஜினியரே கையெழுத்துப் போட்டிருக்கார்க்கா. எனக்குத் தெரிஞ்சது அவருக்குத் தெரியாதா?"

"சரி, நீ சொன்னா சரி," என்று பக்கத்திலிருந்த மூட்டையின் முடிச்சை அவிழ்த்தாள்.

நான் சொல்லவில்லையே என்று அப்போது சொல்லியிருக்கலாம். சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும்?

"மேல் தட்டு எனக்கு எட்டாது. நீயே வெச்சுட்டுப் போ," என்றாள். பெரிய பாத்திரங்களை ஒவ்வொன்றாக வாங்கித் தட்டில் அடுக்கினேன். அவள் கீழே நின்று, "அதை உள்ளே தள்ளு, விழுந்துடப் போகுது," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒன்பது நாள் கழித்து, காலை பத்தேகாலுக்குச் சுவர் விழுந்தது. மழை இல்லை, நிலநடுக்கம் இல்லை. நான் அலுவலகத்தில் மாத அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். அத்தான் முக்கால் மணி நேரம் முன்புதான் அந்த இடத்தின் மேலே பேருந்தை ஓட்டிக்கொண்டு போயிருந்தார். பதினான்கு பேர். தையல்காரரும் அவர் மனைவியும் அதில் அடக்கம். அக்காவைச் சாயங்காலம் எடுத்தார்கள். அடையாளம் காட்டியது நான்தான். அதைப் பற்றி எழுத என்னால் ஆகாது.

மண் வாரும்போது ஒரு தொழிலாளி பட்டை ஒன்றைக் கண்டெடுத்தார். பதினோராம் எண். இரண்டு முனைகளிலும் கல் ஒட்டியிருக்க, நடுவில் முழுசாக இருந்தது. எங்கள் துறை அதிகாரி ஒருவர் ஓடி வந்து இரண்டு கையாலும் வாங்கி, உறையில் போட்டு, காருக்குக் கொண்டுபோனார். அன்று அந்த இடத்திலிருந்து வேறெதையும் யாரும் அவ்வளவு பதமாகத் தூக்கவில்லை.

நாலு மாதம் கழித்து விசாரணை ஆணையம் கூடியது. அதற்குள் சுவர் இருந்த நிலம் வேறு துறைக்கு மாற்றப்பட்டிருந்தது. சுவரே இல்லாததால் அந்தத் துறை, தன்னிடம் சுவர் எதுவும் ஒப்படைக்கப்படவில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தது.

தலைமைப் பொறியாளர் சாட்சி சொன்னார். "உடைஞ்சா நடவடிக்கை எடுக்கணும்னுதான் விதி. உடையலையே. உடைஞ்சிருந்தா அன்னிக்கே எடுத்திருப்போம்."

கொள்முதல் அதிகாரி உறையிலிருந்த பட்டையைக் காட்டினார். "சுவர் விழுந்தும் இது உடையலை. இதைவிட என்ன தரம் வேணும்?" ஆணையத்தின் உறுப்பினர்கள் மூவரும் அதை வாங்கி வளைத்துப் பார்த்தார்கள். ஒருவர் மெதுவாக, "நல்லாத்தான் இருக்கு," என்றார்.

குடியிருப்போருக்குத் தகவல் சொல்லப்பட்டதா என்று கேட்கப்பட்டது. நேரில், வீடு வீடாக, விவரம் அறிந்த ஊழியர் மூலம் சொல்லப்பட்டது என்று பதில். தலைவர் அதைப் பாராட்டிக் குறிப்பெழுதச் சொன்னார்.

கடைசியில் ஆணையத்தின் எழுத்தர் எழுந்து, தாளைப் பார்த்தபடி, "பொறுப்பேற்க விரும்புவோர் எவரேனும் உண்டா?" என்று வாசித்தார். எல்லா விசாரணையிலும் வாசிக்கும் வரி அது. வாசித்து முடிக்கும்போதே உட்காரத் தொடங்கியிருந்தார்.

நான் எழுந்தேன். "நான் இருக்கேன்."

எழுத்தர் பாதியில் நின்றார். அப்படி யாரும் எழுந்தால் என்ன செய்வது என்று அவர் தாளில் இல்லை போலும்.

"பட்டை வளைஞ்சது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கடிதத்தை வாசிச்சேன். வாசிச்சதாலதான் அவங்க போகலை. என் பேர்ல எழுதிக்கோங்க."

தலைவர் ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி, தன்மையான மனிதர். எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டினார். "ஐயா, பொறுப்பு ஆறாம் நிலைப் பதவியிலிருந்துதான் ஆரம்பிக்குது. இவர் ரெண்டாம் நிலை."

"ஆறாம் நிலையில அப்ப யார் இருந்தாங்க?"

"காலியிடம்ங்க."

"ஏழு?"

"விடுப்பு. எட்டாம் நிலையில இருந்தவர்தான் ரெண்டையும் சேர்த்துப் பார்த்துக்கிட்டார். சேர்த்துப் பார்க்கிறவங்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது."

தலைவர் என்னை நோக்கி வருத்தத்தோடு தலையை அசைத்தார். "உங்க மனசு புரியுது. ஆனா தகுதி இல்லாதவர் ஒருத்தர் பொறுப்பேத்துக்க நாங்க அனுமதிச்சா, தகுதி இருக்கிறவங்களுக்கு அது மரியாதையா இருக்காது. உட்காருங்க."

'பொறுப்பேற்க எவரும் முன்வரவில்லை' என்று எழுத்தர் எழுதினார். எழுதும்போது என்னைப் பார்க்கவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் அத்தான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இடமில்லை என்று இறந்தவர்களின் குடும்பத்தாரை உள்ளே விடவில்லை. அக்காவை எடுத்த நாளிலிருந்து அவர் என்னிடம் பேசியதில்லை. ஓட்டுநர் சட்டையோடு வந்திருந்தார். மதியம் வண்டி எடுக்க வேண்டும்.

"என்ன சொன்னாங்க?" என்றார், எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு.

"யார் மேலயும் இல்லையாம், அத்தான்."

"உன் மேல?"

"கேட்டேன். தர மாட்டேன்னுட்டாங்க."

உள்ளே நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. எல்லோரும் எழுந்து தேநீருக்குப் போகிறார்கள்.

"நான் தர்றேன்," என்றார் அத்தான். "வெச்சுக்கோ."

"சரி அத்தான்," என்றேன்.

அவர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பேருந்து நிலையத்தை நோக்கி நடந்தார்.